அமைச்சரவையிலிருந்து வெளியே வந்த பெண்: அன்னை சத்தியவாணி முத்து



தமிழ்நாடு அரசின் சமூக நலத்துறையில் ஒரு திட்டம் இருக்கிறது. 'சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம்' என்பது அதன் பெயர். கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், ஆதரவற்ற பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்காக ஏற்பட்ட திட்டம் அது. நெசவும் பீடியும் தீப்பெட்டியும் கூலி வேலையும் வாழ்வாக இருக்கிற நம் சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஒரு தையல் இயந்திரத்தின் அருமை நமக்குத் தெரியும். தனித்து நிற்கும் ஒரு பெண்ணுக்கு அது அன்றாடச் சோறு. அந்த இயந்திரத்தை நாம் குறைத்துப் பேசப்போவதில்லை. ஆனால், அந்தப் பெயரைத் தன் கையால் விண்ணப்பத்தில் எழுதும் பெண்ணுக்கு, அந்த அம்மையார் யார் என்று விண்ணப்பம் சொல்வதில்லை. அவர் ஒரு தலித் பெண் என்பதும், மாநில அமைச்சராக இருந்தவர் என்பதும், தன் மக்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று சொல்லி அந்தப் பதவியையும் கால் நூற்றாண்டுக் காலம் உழைத்த கட்சியையும் விட்டு வெளியே வந்தவர் என்பதும் அதில் இல்லை.

இந்த நினைவுச் சொற்பொழிவில் நாம் பேச எடுத்துக்கொண்டது அந்த வெளியேற்றத்தைத்தான். சத்தியவாணி முத்து என்றதும் அரசுக்கு நினைவுக்கு வருவது நலத்திட்டம். நமக்கு நினைவுக்கு வரவேண்டியது 1974.

சிறையில் தொடங்கிய அரசியல்

சத்தியவாணி முத்து 1923 பிப்ரவரி 15இல் சென்னையில் பிறந்தார். அவருடைய அரசியல் வாழ்வு வடசென்னையோடு பிணைந்தது. பின்னி ஆலையும் ரயில்வே பணிமனைகளும் உழைப்பாளர் குடியிருப்புகளும் நிறைந்த பகுதி அது. ஆதிதிராவிட மக்கள் ஆலைத் தொழிலாளர்களாக, நகரத் தொழிலாளர்களாகத் திரண்டிருந்த இடம். 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்களுக்கு நடுவே சாதி எப்படி வெடித்தது என்பதைப் புளியந்தோப்பு கண்டிருக்கிறது. தொழிற்சங்கம், நீதிக்கட்சி, ஆதிதிராவிட இயக்கம், சுயமரியாதை இயக்கம் எல்லாம் ஒன்றோடொன்று மோதியும் கலந்தும் வளர்ந்த சூழல் அது.

1949இல் திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பட்ட காலத்திலிருந்தே அவர் அதில் இருந்தார். 'அன்னை' என்ற இதழை நடத்தினார். மேடையில் பேசுவதும் பத்திரிகை நடத்துவதும் ஆண்களின் வேலையாக, அதிலும் சாதி இந்து ஆண்களின் வேலையாகக் கருதப்பட்ட காலத்தில், சேரியிலிருந்து வந்த ஒரு பெண் இரண்டையும் செய்தார் என்பதை நாம் சாதாரணமாகக் கடந்துபோகக் கூடாது.

1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிக்கலாம், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம் என்பது திட்டம். குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். சமூகவியல் மாணவர்கள் ஒரு நிமிடம் நின்று இதைக் கவனிக்க வேண்டும். தச்சரின் மகன் தச்சு கற்றுக்கொள்ளலாம், நெசவாளியின் மகள் தறி கற்றுக்கொள்ளலாம். பண்ணையாளின் மகள் எதைக் கற்றுக்கொள்வாள்? மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளுவதையும் ஆண்டையின் வயலில் நாற்று நடுவதையும் கற்றுக்கொள்வாள். அதைக் கற்றுத்தரப் பள்ளிக்கூடம் எதற்கு? அந்தத் திட்டத்தின் முழுக் கொடுமையும் விழுந்தது தலித் பெண் குழந்தைகளின் மேல்தான். அதை எதிர்த்த போராட்டத்தில் கலந்துகொண்டு சத்தியவாணி முத்து சிறை சென்றார். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார்.

1957இல் திமுக முதன்முதலாகத் தேர்தலில் நின்றது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியாக இல்லாததால் அதன் வேட்பாளர்கள் சுயேச்சைகளாகவே நின்றார்கள். அந்தத் தேர்தலில் பெரம்பூரிலிருந்து வென்று சட்டமன்றத்துக்குப் போனார் சத்தியவாணி முத்து. 1962இல் அதே தொகுதியில் தோற்றார். 1967இலும் 1971இலும் மீண்டும் வென்றார்.

அமைச்சராக இருந்த ஏழு ஆண்டுகள்

1967 மார்ச்சில் அண்ணா அமைத்த அமைச்சரவையில் அவரோடு சேர்த்து 9 பேர். அதில் ஒரே பெண் சத்தியவாணி முத்து. அரிசன நலமும் செய்தித்துறையும் அவர் பொறுப்பில் வந்தன. அண்ணா 1969 பிப்ரவரியில் மறைந்த பிறகு கலைஞர் கருணாநிதி அமைச்சரவையிலும் அவர் தொடர்ந்தார்.

அந்தத் துறையின் பெயரையும் கொஞ்சம் பார்ப்போம். 'அரிசன்' என்ற சொல்லை ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர்கள் தொடக்கத்திலிருந்தே ஏற்கவில்லை. 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் அந்தச் சொல்லைச் சட்டத்தில் எழுத முயன்றபோது அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். தமிழகத்திலோ அதற்கும் முன்பே, எம். சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை நீதிக்கட்சி அரசு ஏற்றிருந்தது. அப்படிப்பட்ட மாகாணத்தில், திராவிட இயக்கத்தின் முதல் அமைச்சரவையில்கூட அந்தத் துறை 'அரிசன நலம்' என்ற பெயரில்தான் இருந்தது. பெயர் பலகையைப் பார்த்தாலே அந்த நாற்காலியின் எல்லை தெரிந்துவிடும். விடுதி நடத்தலாம், உதவித்தொகை வழங்கலாம், கிணறு வெட்டலாம், மனைப்பட்டா கொடுக்கலாம். காவல்துறையும் நிலமும் வருவாயும் வேறு கைகளில் இருக்கும்.

அந்த எல்லை எவ்வளவு கொடூரமானது என்பதை 1968 டிசம்பர் 25 இரவு காட்டியது. கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட மக்களின் குடியிருப்பு தாக்கப்பட்டது. ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது அண்ணாவின் அமைச்சரவை. அரிசன நலத்துறை அமைச்சர் சத்தியவாணி முத்து. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்கள் அனைவரையும் விடுதலை செய்தபோதும் அந்தப் பொறுப்பில் அவர்தான் இருந்தார்.

இதை நாம் மறைக்கப்போவதில்லை. நினைவுகூர்தல் என்றால் மாலை போடுவது மட்டும்தான் என்று நாம் நினைக்கவில்லை. ஒரு தலித் பெண் அமைச்சராக இருக்கும்போதே இப்படி ஒரு படுகொலை நடக்க முடிந்தது என்றால், 'நமக்கொரு அமைச்சர்' என்பதன் பொருள் என்ன என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியை அவர் மீது மட்டும் சுமத்துவதும் சரியில்லை. கூலியை நிர்ணயித்தவர்கள், காவல் நிலையத்தை நடத்தியவர்கள், வழக்கை நடத்தியவர்கள், தீர்ப்பு எழுதியவர்கள் என்று ஒரு முழு அமைப்பும் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது.

அந்த ஏழு ஆண்டுகளில் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1971இல் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்குமான இடஒதுக்கீடு 16 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தது. இன்று நாம் தாட்கோ என்று அழைக்கும் கழகம் 1974இல் தொடங்கப்பட்டது. ஓலைக் குடிசைகளுக்குப் பதிலாகத் தீப்பிடிக்காத வீடுகளைக் கட்டித் தருவதே அதன் தொடக்ககாலப் பணி. வெண்மணியை நினைவில் வைத்துக்கொண்டு இந்த வரியைப் படித்துப் பாருங்கள். குடிசை தீப்பிடிக்காமல் இருக்கக் கான்கிரீட் கூரை போட அரசால் முடிந்தது. தீ வைக்கிறவனின் கையைப் பிடிக்க முடியவில்லை. நலத்துக்கும் அதிகாரத்துக்கும் உள்ள இடைவெளி இதுதான்.

1974

அந்த இடைவெளியை உள்ளே இருந்து பார்த்தவர், 1974இல் அதை வெளியே வந்து சொன்னார். அண்ணாவுக்குப் பிறகு தாழ்த்தப்பட்ட மக்களின் பிரச்சினைகள் புறக்கணிக்கப்படுகின்றன என்பது அவருடைய குற்றச்சாட்டு. அமைச்சர் பதவியையும் திமுகவையும் விட்டு வெளியேறித் 'தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம்' என்ற கட்சியைத் தொடங்கினார்.

அந்தப் பெயரில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. 'அரிசன' நலத்துறையில் இருந்தவர், தன் கட்சிக்கு அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளவில்லை. 'தாழ்த்தப்பட்டோர்' என்றார். தாழ்ந்தவர் என்பது வேறு, தாழ்த்தப்பட்டவர் என்பது வேறு. தாழ்த்தியவன் ஒருவன் இருக்கிறான் என்று அந்தச் சொல்லின் இலக்கணமே சொல்லிவிடுகிறது. இரண்டாவது, 'முன்னேற்றக் கழகம்' என்ற பகுதியை அவர் விடவில்லை. திராவிட இயக்கத்தின் இலட்சியத்தை அவர் கைவிட்டுப் போகவில்லை. அந்த இலட்சியம் தன் மக்களிடம் வந்து சேரவில்லை என்பதே அவர் வழக்கு.

இதற்கு முன்மாதிரி நம் வரலாற்றில் உண்டு. 1951 செப்டம்பரில் நேருவின் அமைச்சரவையிலிருந்து பாபாசாகேப் அம்பேத்கர் விலகினார். இந்து சட்ட மசோதா கைவிடப்பட்டதை நாம் எல்லோரும் அதற்குக் காரணமாகச் சொல்வோம். ஆனால் அவர் தந்த விளக்கத்தில், பட்டியல் சாதி மக்களுக்குப் பாதுகாப்பில்லாத நிலையை அரசு கண்டுகொள்ளவில்லை என்பதும் ஒரு காரணமாக இருந்தது. அம்பேத்கரின் விலகலோடு சத்தியவாணி முத்துவின் விலகலை எடைபோட்டுப் பார்க்க நாம் வரவில்லை. இரண்டுக்கும் பொதுவான ஒன்றைக் கவனிக்கிறோம். ஆளும் கட்சி கொடுத்த இடத்தில் இருந்துகொண்டு, அந்த இடத்தின் போதாமையை அந்த ஆட்சியின் முகத்துக்கு நேரே சொல்வது அது. ஆண் தலைவர்களுக்கே அரிதான துணிச்சல். பெண்ணுக்கு, அதிலும் தலித் பெண்ணுக்கு, அதன் விலை இன்னும் அதிகம். 'இடம் கொடுத்து வளர்த்தோம், நன்றி கெட்டுப் போனாள்' என்ற பேச்சு முதலில் அவளைத்தான் வந்து சேரும்.

அவருடைய பாதை அதற்குப் பிறகு நேர்கோட்டில் செல்லவில்லை. அவர் கட்சி அதிமுகவோடு கூட்டணி சேர்ந்தது, பிறகு அதோடு இணைந்தது. 1978 முதல் 1984 வரை அவர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். 1979 ஆகஸ்ட் 19இல் சரண் சிங் அமைச்சரவையில் சமூக நலத்துறை அமைச்சரானார். அவரும் பாலா பழனூரும்தான் ஒன்றிய அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் திராவிடக் கட்சியினர். மறுநாளே அந்த அரசு பதவி விலகிக் காபந்து அரசாகிவிட்டது என்பதால் அந்த வாய்ப்பும் சில மாதங்களில் முடிந்தது. திராவிடக் கட்சிகளின் ஒன்றிய அரசுப் பங்கேற்பு பற்றி இன்று பேசுகிறவர்கள் அந்தத் தொடக்கத்தில் ஒரு தலித் பெண்ணின் பெயர் இருப்பதைச் சொல்வதில்லை. தன் போராட்ட வாழ்வைத் தானே எழுதிவைத்துவிட்டு, 1999 நவம்பர் 11இல் அவர் மறைந்தார்.

கட்சி நிலைக்கவில்லையே, இன்னொரு பெரிய கட்சியில்தானே போய்ச் சேர்ந்தார், அப்படியானால் 1974 தோல்விதானே என்று மாணவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேட, அவருடைய மனவுறுதியைவிட நம் தேர்தல் அமைப்பைத்தான் முதலில் ஆராய வேண்டும்.

தனித் தொகுதி என்னும் கட்டமைப்பு

1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு வாக்குகளைத் தந்தது. ஒன்று பொதுத் தொகுதியில். மற்றொன்று, தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதியில். காந்தியின் உண்ணாவிரதத்தால் அது பறிபோனது. 1932 செப்டம்பர் 24இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தம் மாகாண சட்டமன்றங்களில் 148 இடங்களை ஒதுக்கியது. அதில் சென்னை மாகாணத்துக்கு 30. நம் தலைவர்கள் இரட்டைமலை சீனிவாசனும் எம். சி. ராஜாவும் அதில் கையெழுத்திட்டவர்கள். இடங்கள் கூடின. ஆனால் வேட்பாளர் நம்மவராக இருப்பார், அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் எல்லோருமாக இருப்பார்கள் என்று ஆனது.

அதன் விளைவு இன்றுவரை தொடர்கிறது. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கானவை. இந்த 44இலும் வெற்றி பெரும்பாலும் பெரிய கட்சிகளின் சின்னத்தில்தான் கிடைக்கிறது. சொந்தக் கட்சி கண்ட தலித் தலைவர் ஒருவர் கூட்டணி இல்லாமல் வெல்வது மிகக் கடினம். சத்தியவாணி முத்துவின் கட்சி மூன்று நான்கு ஆண்டுகளில் கரைந்ததற்குக் காரணம் இங்கே இருக்கிறது. வெளியே வந்தவர் நிற்பதற்குத் தரை இல்லாதபடி அமைந்த ஏற்பாடு இது.

நம் சங்கரன்கோவில் அந்த 44இல் ஒன்று. நம் தென்காசி மக்களவைத் தொகுதியும் தனித் தொகுதி. இந்த ஊரின் அண்மைக்கால வரலாற்றில் பெண்களுக்கு முக்கிய இடம் இருக்கிறது. 2012 இடைத்தேர்தலில் எஸ். முத்துச்செல்வி வென்றார். 2016இல் வென்ற வி. எம். ராஜலட்சுமி ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை அமைச்சரானார். 1967இல் சத்தியவாணி முத்து அமர்ந்த அதே துறையின் பொறுப்புக்குச் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு பெண் சென்றார். 2024இல் தென்காசியிலிருந்து மக்களவைக்குச் சென்றவரும் ஒரு பெண்தான், மருத்துவர் ராணி ஸ்ரீகுமார். இவர்கள் வெவ்வேறு கட்சியினர். யாரையும் புகழவோ குறைசொல்லவோ இதைச் சொல்லவில்லை. நம்மைப் பிரதிநிதித்துவப்படுத்தும் பெண்கள் இருக்கிறார்கள் என்ற நிலையை நாம் எட்டிவிட்டோம். இனி கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவர்கள் தங்கள் கட்சியோடு முரண்பட நேர்ந்தால், அவர்களுக்குப் பின்னால் நிற்க இங்கே ஓர் அமைப்பு இருக்கிறதா?

இந்தக் கேள்வி சட்டமன்றத்தோடு நிற்பதில்லை. ஊராட்சி மன்றத்தில் அது உயிர்ப் பிரச்சினை. 2006 நவம்பரில் நம் வட்டாரத்து நக்கலமுத்தன்பட்டி ஊராட்சித் தலைவர் ஜக்கையன் கொல்லப்பட்டார். அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்தவர். பொம்மைத் தலைவராக இருக்க மறுத்ததற்குக் கிடைத்த தண்டனை அது என்று தலித் இயக்கங்கள் போராடின. 2011 ஜூனில் நெல்லைக்கு அருகே தாழையூத்து ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணி கொடூரமாக வெட்டப்பட்டார். பெண்களுக்குக் கழிப்பறை கட்டித்தர முன்னின்றவர் அவர். உயிர் பிழைத்து வந்து, தன் வழக்கைத் தானே பேசினார். சுதந்திரமாக யோசிக்கிற தலித் தலைவருக்கு மாநில அளவில் கிடைப்பது ஓரங்கட்டல் என்றால், ஊர் அளவில் கிடைப்பது அரிவாள். இரண்டும் ஒரே கட்டளையின் இரு வடிவங்கள்: 'நாற்காலியில் உட்கார், வாயைத் திறக்காதே.'

நாம் எதை நினைவில் வைக்கிறோம்

தமிழக தலித் பெண்களின் அரசியல் வரலாறு சத்தியவாணி முத்துவோடு தொடங்கவில்லை. 1944 செப்டம்பரில் சென்னையில் அம்பேத்கர் கலந்துகொண்ட பட்டியல் சாதிக் கூட்டமைப்பின் பெண்கள் மாநாட்டுக்கு அன்னை மீனாம்பாள் சிவராஜ் தலைமை வகித்தார். மீனாம்பாள் சொந்த அமைப்பின் மேடையில் நின்று பேசினார். சத்தியவாணி முத்து பொது அமைப்பின் அமைச்சரவைக்குள் சென்று, அங்கிருந்து வெளியே வந்து பேசினார். இந்த இரண்டு வழிகளும் நமக்குத் தேவை. சொந்த மேடை வலுவாக இல்லாதபோது உள்ளே போனவர் தனியாகிப் போகிறார். உள்ளே யாரும் இல்லாதபோது சொந்த மேடையின் குரல் கோட்டைச் சுவரில் மோதித் திரும்புகிறது.

ஆகவே மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். நம் வட்டாரத்தின் ஊராட்சிகளில், நகராட்சியில், கூட்டுறவுச் சங்கங்களில், பீடி, தீப்பெட்டித் தொழிலாளர் போராட்டங்களில் தலைமை ஏற்ற தலித் பெண்களின் வாழ்க்கையை அவர்கள் இருக்கும்போதே பதிவு செய்யுங்கள். அவர்கள் என்ன பெற்றார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். எதற்குக் கையெழுத்துப் போட மறுத்தார்கள், எந்தக் கூட்டத்திலிருந்து எழுந்து வந்தார்கள், அன்றைக்கு அவர்களோடு யார் நின்றார்கள் என்று கேளுங்கள். களத்தில் உள்ள தோழர்களிடமும் ஒன்றைச் சொல்கிறோம். ஓர் ஊராட்சித் தலைவி மிரட்டப்படும் முதல் நாளே அவர் வீட்டுக்குப் போய் நிற்பதை நம் அமைப்புகள் ஒரு நடைமுறையாக்க வேண்டும். இரங்கல் கூட்டம் போடுவதைவிட அது கடினமான வேலை. செய்தாக வேண்டிய வேலையும் அதுதான்.

அன்னை சத்தியவாணி முத்துவின் பெயரில் தையல் இயந்திரங்கள் தொடர்ந்து வரட்டும். அதை வாங்கிவரும் நம் சகோதரிகளிடம், குலக்கல்வியை எதிர்த்துச் சிறை சென்றவரின் பெயர் அது என்றும், அமைச்சர் பதவியை விட்டு வெளியே வரத் துணிந்தவரின் பெயர் அது என்றும் நாம் சொல்வோம்.

ஜெய்பீம்.